புது வீட்டின் மிச்ச வேலைகள்: முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள்

கிராமப்புறத்தில் கட்டும் வீடு, குடிபோகும் நாளில் முழுதாக முடிந்திருப்பது அபூர்வம். உள்ளே அலமாரி வேலை பாதி, பெயின்ட் ஒரு கோட்டோடு நிற்கும். வெளியே சுற்றுச்சுவர், பாதை, தோட்டம் எல்லாமே பாக்கி. கட்டுமானப் பொறியாளராக நான் பார்த்தவரை, பெரும்பாலான குடும்பங்கள் மிச்ச வேலையை உள்ளிருந்துதான் தொடங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. கையிருப்பு கரைந்ததும் வெளிவேலை அப்படியே நின்றுவிடும், அதற்குள் மழையும் வந்துவிடும்.

வரிசையை மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வீட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி சரியான பிறகு உள்ளே அழகு வேலைக்குப் போங்கள்.

அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியை மறுபடி மூடியிருப்பார்கள் அல்லவா, அந்த மண் பழைய நிலம் போல இறுகியிருக்காது. முதல் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அது கட்டாயம் அமுங்கும். அமுங்கினால் சுவரை ஒட்டியே பள்ளம் விழுந்து, கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் அங்கே தேங்கும். நகரத்தில் தெருவோரக் கால்வாயாவது இருக்கும். தனியாக நிற்கும் கிராமத்து வீட்டுக்கு நீங்கள் வெட்டிவிடும் வழிதான் வழி. தேங்கிய நீர் தரைக்கு அடியில் நிரப்பிய மண்ணுக்குள் இறங்கினால் அந்த மண்ணும் அமுங்கி, டைல்ஸ் தட்டினால் வெற்றோசை கேட்கும். சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறும். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பு அந்த ஈரத்தோடு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அதன் மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உரிந்து வரும். சுவரைக் குறை சொல்லி மறுபடி மறுபடி பட்டி பார்ப்பவர்கள் பலர். கோளாறு வெளியே இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் தரை குறைந்தது 15 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். மண் போடும்போது மொத்தமாகக் கொட்டாமல், 15 சென்டிமீட்டர் அளவுக்குப் படை படையாகப் போட்டு, லேசாக நனைத்துத் திமிசால் இடித்து இறுக்குங்கள். மண் நன்றாக அமுங்கிய பிறகு சுவரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை போட்டால் நல்லது. அதற்கும் மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் வெளிப்பக்கமாக இருக்கட்டும். கூரையிலிருந்து இறங்கும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டக் கூடாது. குழாயை நீட்டித் தொட்டிக்கோ தள்ளியிருக்கும் குழிக்கோ கொண்டு போய்விடுங்கள். பலத்த மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது என்று அந்த ஒரு மழை காட்டிவிடும்.

வெளியே அடுத்த கவலை செப்டிக் டேங்க்கும், அதன் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் உறிஞ்சு குழியும். மூடிவிட்டால் அது காலி இடம் போலத் தெரியும். பிறகு அதன் மேல் காரை நிறுத்துவார்கள், பக்கத்தில் பெரிய மரம் வைப்பார்கள். வண்டியின் பாரத்தில் சாதாரண மூடி உடையும், மரத்தின் வேர் குழாய்க்குள் நுழையும். குடிநீர்க் கிணறோ போர்வெல்லோ உறிஞ்சு குழியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். 15 மீட்டருக்குக் குறையவே கூடாது. மணற்பாங்கான மண்ணில் 30 மீட்டர் வரை தள்ளினால்தான் எனக்கு மனநிறைவு. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று குடிக்கத் தொடங்காதீர்கள். கோலிஃபார்ம் கிருமிக்கும் நைட்ரேட்டுக்கும் கட்டாயம் சோதனை செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அது மீறினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும்.

கரையான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் போடத் தாங்கலாக வைத்த சென்டிரிங் பலகையின் துண்டுகளைக் குழியில் போட்டு மூடி மேடாக்குவது பல இடங்களில் நடக்கிறது. கரையானுக்குத் தீனி போட்டு வரவழைப்பதுதான் அது. அஸ்திவாரத்தைச் சுற்றி மருந்து அடித்திருந்தால், பூச்செடி வைக்கிறேன் என்று அந்த மண்ணைக் கிளறாதீர்கள்.

பாதைக்கு அடித்தளத்தை மட்டும் கெட்டிப்படுத்தி விட்டுவிடுங்கள். பேவர் பிளாக் கடைசியில் போதும், ஏனென்றால் மணல் லாரி இன்னும் வரும். மூடுவதற்கு முன் பாதைக்குக் குறுக்கே இரண்டு வெற்றுக் குழாய்களைப் புதைத்து, முனைகளை அடைத்து வையுங்கள். பின்னால் கேட் விளக்குக்கோ தோட்டத்துத் தண்ணீருக்கோ பாதையை உடைக்க வேண்டியிருக்காது.

சரி, இனி உள்ளே வரலாம். இங்கேயும் எதிரி ஈரம்தான். கான்கிரீட் 28 நாளில் கணக்கிட்ட வலிமைக்கு வந்துவிடும் என்பது உண்மை. காய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. தரையில் ஒரு முழம் போல, சுமார் 45 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு பாலித்தீன் தாளை விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த ஈரமோ இருந்தால் மரத்தரையோ வினைல் தரையோ ஒட்டும் நேரம் இன்னும் வரவில்லை. பூச்சு காயும் முன் பட்டி, பிரைமர் என்று ஏற்றினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாளாவது விட்டு, கீழ்ப்பக்கமும் ஒட்டிய சுவரும் நனைகிறதா என்று பாருங்கள். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். மர அலமாரி வேலை சுவர் காய்ந்த பிறகு போதும். புதுப் பிளைவுட்டிலிருந்தும் பெயின்ட்டிலிருந்தும் வரும் வாடை உடம்புக்கு ஆகாது. ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காற்றாட விடுங்கள்.

நான் சொன்ன எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. மாடிப்படிக்குக் கைப்பிடி, மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர், சம்புக்கும் குழிக்கும் பூட்டிய மூடி. இவை இல்லாமல் குழந்தைகளோடு குடிபோகவே வேண்டாம். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கட்டுமானத்துக்காகத் தற்காலிகமாக இழுத்த ஒயர் குடிபோன பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். வெளியே இருக்கும் பிளக், மோட்டார் எல்லாம் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வழியாக வரட்டும். அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டரைப் போர்டிகோவிலோ திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். 6 மீட்டருக்கு அப்பால், புகை வீட்டுப் பக்கம் வராதபடி வையுங்கள்.

வேலை நடக்க நடக்க, மண் போட்டு மூடும் முன் ஒவ்வொரு குழாய்க்கும் கேபிளுக்கும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மூலையிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.