ரெலிகேஷன்: வெளியேற்றமா, தரமிறக்கமா, வெறும் இறக்கமா?

2025 மார்ச்ல அயர்லாந்து கேலிக் ஃபுட்பால் லீக் முடியற நேரத்துல ஒரு நண்பர் ராத்திரி மெசேஜ் போட்டார், "டெர்ரி டீமை லீக்லேருந்து வெளியேத்திட்டாங்களாமே, என்ன ஊழல் பண்ணாங்க?"ன்னு. ஊழலும் இல்ல ஒண்ணும் இல்ல சாமி, ரெலிகேட் ஆயிட்டாங்க, அதாவது அட்டவணைல கடைசில வந்ததால ஒரு டிவிஷன் கீழ இறங்கிட்டாங்க, அவ்ளோதான். யாரோ ரெலிகேஷனை "வெளியேற்றம்"னு தமிழ்ல எழுதிருக்காங்க, இவர் அதைப் படிச்சிட்டு டீமுக்கே தடை போட்டுட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டார். விளக்கம் சொல்ல உக்காந்தா, சரி, அப்ப இதுக்கு நம்ம சொல்லு என்னன்னு எனக்கே சட்டுனு வாயில வரல. அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கதை.

முதல்ல ஆட்டம். டீமுக்கு 15 பேர், பந்தைக் கையாலயும் புடிக்கலாம் காலாலயும் உதைக்கலாம், கோல் போஸ்ட் ரக்பில இருக்கற மாதிரி எச் வடிவம், குறுக்குக் கம்பிக்குக் கீழ வலைக்குள்ள போனா கோல், அது மூணு பாயிண்ட், கம்பிக்கு மேல போனா ஒண்ணு, 2025லேருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளிய நின்னு மேல அடிச்சா ரெண்டு. நடத்தறது 1884ல தர்லெஸ்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச கேலிக் விளையாட்டுச் சங்கம், சுருக்கமா ஜிஏஏ. டீம்ங்கறது கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி வெச்சுக்கங்க. ஆடறவங்களுக்கு சம்பளம் கிடையாது, பகல்ல வாத்தியார் வேலையோ வேற வேலையோ பாத்துட்டு சாயங்காலம் பிராக்டிஸ் போறவங்க. இந்த விஷயம் கொஞ்சம் ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி வேணும்.

லீக் 1925-26 சீசன்ல தொடங்குச்சு. இப்ப 32 டீம், நாலு டிவிஷன், ஒவ்வொண்ணுலயும் எட்டு. 32ன்னதும் அயர்லாந்தோட 32 கவுண்டியும்னு நினைச்சிடாதீங்க, கில்கென்னிக்காரங்களுக்கு மட்டையால பந்தடிக்கற ஹர்லிங்ங்கற ஐரிஷ் ஆட்டம்தான் உசுரு, 2012க்கு அப்புறம் ஃபுட்பால் லீக் பக்கமே வரல, அதைக் கழிச்சா 31, அந்தக் காலி இடத்துல உக்காந்திருக்கறது லண்டன். ஆமா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற அதே லண்டன். ஜனவரி கடைசில தொடங்கி மார்ச் கடைசிக்குள்ள ஏழே ரவுண்டு. ஜெயிச்சா ரெண்டு புள்ளி, டிரான்னா ஒண்ணு, கடைசில மேல இருக்கற ரெண்டு டீம் ஒரு டிவிஷன் ஏறும், கீழ இருக்கற ரெண்டு டீம் ஒரு டிவிஷன் இறங்கும். இங்கிலீஷ் பிரீமியர் லீக்ல 38 மேட்ச் ஆடி 20ல மூணு பேர் இறங்கறாங்க, இங்க ஏழே மேட்ச் ஆடி எட்டுல ரெண்டு பேர், அதாவது கால்வாசி! அந்த ஏழுலயும் சிலருக்கு சொந்த மைதானத்துல நாலு, சிலருக்கு மூணுதான். பிப்ரவரில ஒரு மழை நாள்ல சறுக்கினா மார்ச்ல கழுத்து வரைக்கும் தண்ணி.

இப்ப சொல்லுக்கு வருவோம். ரெலிகேட்ங்கறது லத்தீன் 'ரெலெகாரே'. 'லெகாரே'ன்னா ஒரு பொறுப்பு குடுத்து ஆளை அனுப்பறது, 'ரே' சேர்ந்தா அப்பால அனுப்பிடறது. டெலிகேட்டுக்கும் இதே வேர்தான், லெகசிக்கும் இதே வேர்தான். இதுல லீக்ங்கற சொல்லை மட்டும் இழுத்துடாதீங்க, பாக்க சொந்தக்காரன் மாதிரி இருக்கும், ஆனா அது 'லிகாரே', கட்டறது, சேத்துக் கட்டறதுங்கற வேற வேர். ஆக லீக்னா சேத்துக் கட்டினது, ரெலிகேஷன்னா அப்பால அனுப்பினது, ரெண்டும் ஒரே வாக்கியத்துல வந்து உக்காந்தது தற்செயல்தான்.

ரோமாபுரிச் சட்டத்துல 'ரெலெகாடியோ'ன்னு ஒரு தண்டனை இருந்துச்சு, எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஊரை விட்டுப் போன்னு அனுப்பறதுல அங்க ரெண்டு வகை. 'டெபோர்டாடியோ'ல குடியுரிமை போச்சு, சொத்தும் போச்சு, ஆள் சட்டப்படி ஒண்ணுமில்லாதவன். ரெலெகாடியோ அதைவிட லேசானது, இந்த ஊர்ல இருக்காதே, அல்லது அந்த ஊர்லயே கிடன்னு உத்தரவு, ஆனா குடியுரிமை அப்படியே இருக்கும், சொத்தும் இருக்கும், சில பேருக்கு இத்தனை வருஷம்னு கெடுவும் உண்டு. அகஸ்டஸ் சக்கரவர்த்தி கி.பி. 8ல கவிஞர் ஓவிட்டைக் கருங்கடல் ஓரம் தோமிஸ்ங்கற ஊருக்கு அனுப்பினார், இன்னைக்கு ருமேனியால கான்ஸ்டான்ட்சா இருக்கற இடம். அந்த மனுஷன் அங்க உக்காந்து அழுது அழுது எழுதினதுலயும் இந்த நுணுக்கத்தை விடல, நான் எல்லாத்தையும் இழந்து துரத்தப்பட்டவன் இல்ல, ரெலெகாட்டுஸ்தான்னு அழுத்திச் சொல்லிருக்கார். அவர் திரும்பி வராமலே செத்துட்டார்ங்கறது வேற விஷயம்.

ஃபுட்பாலுக்கு இந்தச் சொல்லு வந்த பாதை இங்கிலாந்து. 1892ல அவங்க லீக்ல ரெண்டாவது டிவிஷன் சேத்தாங்க, முதல்ல சில வருஷம் மேல் டிவிஷன்ல கடைசியா வந்தவங்களுக்கும் கீழ் டிவிஷன்ல முன்னாடி வந்தவங்களுக்கும் தனியா மேட்ச் வெச்சுத்தான் முடிவு பண்ணாங்க, 1898லதான் அட்டவணை பாத்து தானா ஏறி இறங்கற முறை வந்துச்சு.

சரி, டெர்ரியை எடுத்து இந்த ரோமாபுரி அளவுகோல்ல வெச்சுப் பாருங்க. 2018ல நாலாவது டிவிஷனுக்கு இறங்கினாங்க, பாதாளம். 2019ல அதை ஜெயிச்சு மேல வந்தாங்க, 2021ல மூணாவதையும் தாண்டினாங்க, 2023ல ரெண்டாவதுலேருந்து ஏறினாங்க, 2024 மார்ச் 31 அன்னைக்கு ஜிஏஏவோட தலைமை மைதானமான க்ரோக் பார்க்ல டப்ளினை பெனால்டில ஜெயிச்சு லீக் கோப்பையே தூக்கிட்டாங்க. அடுத்த வருஷமே, 2025ல, முதல் டிவிஷன்ல கடைசி இடம், டைரோனோட சேந்து கீழ. பரமபதத்துல கூட மேல போய்ச் சேந்துட்டா ஆட்டம் முடிஞ்சது, இங்க உச்சிக் கட்டத்துலயும் ஒரு பாம்பு வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கு. ஆனா இழந்தது என்ன? ஜெர்சி அதேதான், மைதானம் அதேதான், ஆட்களும் போகல, ஏன்னா அவங்க சம்பளத்துக்கு ஆடறவங்க இல்ல, சொந்தக் கவுண்டிக்கு ஆடறவங்க. இங்கிலீஷ் கிளப் இறங்கினா டிவி காசு போகும், நல்ல பிளேயரை விக்கணும், சில கிளப் அப்படியே நொடிஞ்சு போகும், அதெல்லாம் கிட்டத்தட்ட டெபோர்டாடியோ கணக்கு. கேலிக் ஃபுட்பால்ல நடக்கறதுதான் பழைய பொருள்ல சுத்தமான ரெலெகாடியோ, குடியுரிமை போகாத வனவாசம்.

அப்ப தமிழ்ல என்ன சொல்றது? வெளியேற்றம் கட்டாயம் இல்ல, அது நாக் அவுட்ல தோத்துப் போறவங்களுக்கு. பதவி இறக்கம்னா ஆபீஸ் வாடை, டீம் என்ன தாசில்தாரா. பலபேர் எழுதறது 'தரமிறக்கம்', இதுக்கு ஜோடி 'தரமுயர்வு'. இதை முதல்ல நான் ஒத்துக்கல, தரம்னா குவாலிட்டி, டீமோட குவாலிட்டி குறைஞ்சுதுன்னு அர்த்தம் வருதேன்னு சண்டைக்கே போயிருக்கேன். அப்புறம் யோசிச்சா, பேரூராட்சி நகராட்சியா "தரம் உயர்த்தப்பட்டது"ன்னு பேப்பர்ல போடறாங்க, நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியா தரம் உயருது, இலங்கைல பள்ளிக்கூட வகுப்பையே தரம் 5, தரம் 10னுதான் சொல்றாங்க. அங்கெல்லாம் தரம்னா படிநிலை, குவாலிட்டி இல்ல. அதனால தரமிறக்கம் தப்புன்னு இனிமே சொல்ல மாட்டேன். ஆனா நம்ம காதுல இப்ப தரம்னதும் 'தரமான சம்பவம்'தான் வருது, அதான் சிக்கல்.

டப்ளினைப் பாருங்க. 2015லேருந்து 2020 வரைக்கும் தொடர்ச்சியா ஆறு வருஷம் அகில அயர்லாந்து சாம்பியன் (இது லீக் இல்ல, கோடைல தனியா நடக்கற பெரிய போட்டி), 2022ல முதல் டிவிஷன்லேருந்து இறங்கினாங்க, 2023ல திரும்ப ஏறினதும் இல்லாம அதே வருஷம் அந்தப் பெரிய போட்டியோட சாம் மக்வைர் கோப்பையையும் தூக்கினாங்க. இவங்களைப் போய்த் தரம் இறங்கிட்டாங்கன்னு சொன்னா யார் நம்புவா?

இன்னொரு சொல்லு எனக்கு ஆசையா இருந்துச்சு, இழிதல். இன்னைக்கு இழிவுன்னா கேவலம், ஆனா பழைய தமிழ்ல இழிதல்னா வெறும் கீழ இறங்கறது, மலையிலேருந்து அருவி இழியும். வள்ளுவர் மானம் அதிகாரத்துல 'தலையின் இழிந்த மயிர்'னு தலைலேருந்து உதிர்ந்த முடியையும், 'நிலையின் இழிந்த' மனுஷங்களையும் ஒரே சொல்லால சொல்லிருப்பார், அங்கயே ரெண்டு பொருளும் உரசுது. கேட்க அழகுதான், ஆனா டைரோன்காரங்க இழிந்தார்கள்னு எழுதினா அடி விழும்.

அதனால என் ஓட்டு சும்மா 'இறக்கம்', தேவைப்பட்டா 'பிரிவு இறக்கம்'. ஜோடிக்கு 'ஏற்றம்'. ப்ரமோஷன்ங்கறது 'ப்ரோ'ன்னா முன்னால, 'மொவேரே'ன்னா நகத்தறது, முன்னால நகத்தறதுன்னுதான் லத்தீன்ல இருக்கு, மேல ஏத்தறதுன்னே இல்ல. நம்ம ஊர்ல ப்ரமோஷன்னா ஆபீஸ்ல பதவி உயர்வு, இல்லன்னா படத்துக்கு ஹீரோ சேனல் சேனலா போறது. ஏற்றத்துல அந்தக் குழப்பம் இல்ல. அதோட கிணத்துல தண்ணி இறைக்கற ஏத்தம் பாத்தவங்களுக்கு இது இன்னும் பொருந்தும், ஒரு முனை மேல போனா மறுமுனை கீழ வந்தே ஆகணும். மேல் டிவிஷன்லேருந்து ரெண்டு இறங்கினாத்தான் கீழேருந்து ரெண்டு ஏற முடியும். 2025ல டெர்ரியும் டைரோனும் இறங்கின இடத்துக்கு மொனஹனும் ராஸ்காமனும் ஏறினாங்க.

வினை எழுதும்போது ஒரு கவனம் வேணும். "இறக்கப்பட்டது"ன்னு எழுதாதீங்க. இங்கிலீஷ்ல ரெலிகேட் பண்ணப்படறாங்க, அகஸ்டஸ் உத்தரவு போட்ட காலத்துப் பழக்கம், இங்க உத்தரவு போட ராஜா யாரும் இல்ல, அட்டவணைதான். "டெர்ரி இறங்கியது"ன்னா போதும். அதேபோல ரெலிகேஷன் பேட்டிலை "இறக்கப் போராட்டம்"னு மாத்தினா அவ்ளோதான், சாகறதுக்குப் போராடறாங்க போலன்னு படிச்சுடுவாங்க. இதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே நல்ல வார்த்தை இருக்கு, தலை தப்பறது. தலை தப்பினது தம்பிரான் புண்ணியம்னு சொல்லுவோமே, அது.

தலை தப்பறதுல பட்டம் வாங்கினவங்க மொனஹன். சின்னக் கவுண்டி, ஆனா 2015லேருந்து 2024 வரைக்கும் விடாம முதல் டிவிஷன்ல இருந்தாங்க, அதுவும் எப்படின்னா ஒவ்வொரு வருஷமும் நெஞ்சு வலி வர்ற மாதிரி. 2021ல யார் இறங்கறதுன்னு கால்வேயோட தனி மேட்ச், அது எக்ஸ்ட்ரா டைம் வரை போச்சு, தப்பிச்சாங்க, கால்வே கீழ. 2022 கடைசி நாள் க்ளோனிஸ் மைதானத்துல எதிர்ல டப்ளின், தோக்கறவங்க கீழ, கடைசி நேரத்துல ஜாக் மெக்காரன் தூரத்துலேருந்து ஒரு ஃப்ரீ கிக் அடிச்சு ஒத்தை பாயிண்ட்ல ஜெயிச்சாங்க, மேல சொன்ன டப்ளின் இறங்கின கதை இதுதான். 2023 கடைசி நாள் காஸில்பார் போய் மேயோவை அடிச்சுத் தப்பினாங்க. 2024ல தம்பிரான் கைவிட்டுட்டார், இறங்கினாங்க. 2025ல ரெண்டாவது டிவிஷனை ஜெயிச்சு திரும்ப மேல.

கடைசி நாள்ல கால்குலேட்டர் தூக்கறதுக்கு இன்னொரு காரணம், சமன் ஆனா யாரு மேலங்கற விதி. ரெண்டே டீம் ஒரே புள்ளில நின்னா அவங்களுக்குள்ள நடந்த மேட்சுல யார் ஜெயிச்சாங்கன்னு பாப்பாங்க, மூணு டீம் நின்னா அடிச்சதுக்கும் வாங்கினதுக்கும் உள்ள வித்தியாசம். அதனால எங்கயோ வேற மைதானத்துல மூணாவதா ஒருத்தன் டிரா பண்ணினா உன் தலையெழுத்தே மாறும், ஸ்டாண்ட்ல பாதிப்பேர் மேட்ச் பாக்காம போனைத்தான் பாத்துட்டிருப்பாங்க.

காசு இல்லன்னா எதுக்கு இவ்ளோ பதட்டம்னு கேட்டா, பதில் கோடைகாலத்துல இருக்கு. 2022ல டால்டின் கப்னு ரெண்டாம் நிலைப் போட்டி ஒண்ணு கொண்டுவந்தாங்க. 2023லேருந்து சாம் மக்வைர் கோப்பைக்கு 16 டீம்தான், அயர்லாந்தோட நாலு மாகாணத்துலயும் தனித்தனியா நடக்கற போட்டில ஃபைனல் வந்த எட்டு பேர், முந்தின வருஷ டால்டின் சாம்பியன், மிச்ச இடம் லீக் வரிசைப்படி. அதனால ரெண்டாவது டிவிஷன்லேருந்து மூணாவதுக்கு இறங்கறவன் மாகாண ஃபைனலுக்கும் வரலன்னா பெரிய கோப்பை ஆசையை ஏப்ரல், மே மாசத்துலயே மூட்டை கட்டணும். முதல்லேருந்து ரெண்டாவதுக்கு இறங்கறது மானப் பிரச்னை, ரெண்டுலேருந்து மூணுக்கு இறங்கறதுதான் உண்மையிலேயே வலிக்கற இறக்கம். ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே சொல்லு, தமிழ்லயும் ஒரே சொல்லுதான் வெச்சிருக்கேன், பொறுத்துக்கங்க.

நண்பருக்கு இதெல்லாம் சொல்லி முடிச்சதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப அந்த லண்டன் டீம் எங்கதான் இறங்கும்?" எங்கயும் இல்ல. அவங்க நாலாவது டிவிஷன், அதுக்குக் கீழ தரைதான், கடைசியா வந்தாலும் அடுத்த ஜனவரில ரைஸ்லிப் மைதானத்துல அதே டிவிஷன்ல திரும்ப ஆடுவாங்க.