ஃபிளிப்-ஃபிளாப்: பல்டியா, நிலைதிரிவா?

2024 செப்டம்பரில் ஒரு நாள் பிட்ஸ்பர்க்கிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு அவளுக்கு வந்த முதல் அதிபர் தேர்தல் அது. "டிவியைப் போட்டாலே ஃபிளிப்-ஃபிளாப், ஃபிளிப்-ஃபிளாப்னுதான்டா பேசறாங்க. அம்மாவுக்குத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். பல்டி என்றேன். "பல்டின்னு சொன்னாலே ஏமாத்திட்டாங்கன்னு ஆயிடுதே. ஏமாத்தினாங்களா, நிஜமாவே மனசு மாறினாங்களான்னுதானே எனக்குத் தெரியல" என்றாள். அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஃபிளிப், ஃபிளாப் இரண்டுமே ஒலிக்குறிப்புகள். நம் 'படபட', 'சலசல' போல ஓசையிலிருந்து பிறந்தவை. ரப்பர் செருப்பு போட்டு நடக்கும்போது குதிகாலில் அடிக்கிறதே, அந்தச் சத்தம். நாம் ஹவாய் செருப்பு என்பதற்கு அமெரிக்காவில் ஃபிளிப்-ஃபிளாப் என்றே பெயர். ஆனால் செருப்புக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பே வித்தைக்காரர் அடிக்கும் கரணத்துக்கு அந்தச் சொல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கிருந்து அமெரிக்க அரசியல் மேடைக்கும் வந்துவிட்டது: நேற்று ஒன்று பேசி இன்று நேர்மாறாகப் பேசுவது. மின்னணுவியலிலும் இதே பெயரில் ஒரு சுற்று உண்டு. இரண்டு நிலைகளில் ஏதாவது ஒன்றில் நிற்கும், தூண்டினால் மற்றதற்கு மாறும். அதைத் தமிழில் எழு-விழு என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் மனிதர்களுக்குப் பொருந்தாது. சுற்று ஏன் மாறியது என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் சொல்லை உலகமெங்கும் பரப்பியது 2004 தேர்தல். அப்போது அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி நின்றார். ஈராக், ஆப்கானிஸ்தான் செலவுக்காக 8,700 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா 2003இல், கெர்ரி உறுப்பினராக இருந்த செனட் என்னும் மேலவைக்கு வந்திருந்தது. பணக்காரர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகையில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்து அந்தப் பணத்தைத் தரலாம் என்ற திருத்தத்தைக் கெர்ரி ஆதரித்தார். திருத்தம் தோற்றது. இறுதி மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். செனட் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. ஆனால் 2004 மார்ச்சில், மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டன் நகரில், அவர் அதை விளக்கிய விதம் இது: எதிர்த்து வாக்களிப்பதற்கு முன்னால் அந்த 8,700 கோடிக்கு நான் ஆதரவாகத்தான் வாக்களித்தேன்.

அந்த ஒரு வாக்கியமே புஷ் அணிக்குப் போதுமாக இருந்தது. நியூயார்க்கில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் கையில் ரப்பர் செருப்பைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டே 'ஃபிளிப்-ஃபிளாப்' என்று கோஷம் போட்டார்கள். கெர்ரி கடலில் பாய்ப்பலகையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதை வால்ட்ஸ் இசையோடு காட்டி ஒரு விளம்பரமும் வந்தது. 2002இல் ஈராக் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை ஆதரித்தவர் பிறகு போரைக் குறை சொன்னது ஏன் என்று கேட்க வாக்காளருக்கு முழு உரிமை இருந்தது. அது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் செருப்பு ஆடிய வேகத்தில் கேள்வி அடிபட்டுப் போனது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தேவையில்லை என்று மாதக்கணக்கில் சொன்ன புஷ், 2002இல் தானே அதை முன்மொழிந்து உருவாக்கினார். அதற்காக யாரும் செருப்பைத் தூக்கவில்லை. இந்தச் சொல்லில் எனக்குள்ள குறை இதுதான். காரணம் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

பிரிட்டனில் யூ-டர்ன் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் பின்கரணம் என்ற பொருளில் பேக்ஃபிளிப் என்பார்கள். எங்கே போனாலும் உடம்பு திரும்புவதுதான் உவமை.

சரி, தமிழுக்கு வருவோம். பல்டி இந்தியிலிருந்து வந்தது. அங்கே 'பலட்னா' என்றால் புரளுதல், திரும்புதல். நாம் அதை அந்தரத்தில் ஏற்றி அந்தர் பல்டி ஆக்கிவிட்டோம். ஏச்சுக்கு நல்ல சொல், விளக்கத்துக்கு உதவாது. குட்டிக்கரணம் என்று போடலாமா? 'நீ குட்டிக்கரணம் அடிச்சாலும் நடக்காது' என்னும்போது அது படாத பாடு படுவதைக் குறிக்கிறது, பொருள் குழம்பும். பச்சோந்தி என்பது ஆளைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. கட்சித்தாவல் வேறு விஷயம். சொல் தவறுதல் என்பதும் முழுதாகப் பொருந்தாது. அது வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவது. புதிய வரி கிடையாது என்று 1988இல் சொல்லி வென்ற மூத்த புஷ் (ஜார்ஜ் புஷ்ஷின் தந்தை), 1990இல் வரி உயர்வுக்கு ஒப்புக்கொண்டாரே, அதற்குத்தான் அது சரியாக உட்காரும்.

எனக்குக் கிடைத்த சொல் திரிதல்.

பால் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் வைக்கும்போது வெள்ளையாக, சாதாரணமாகத்தான் இருக்கும். சூடேற ஏற ஓரத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் தெரியும். அப்புறம் ஒரே நொடியில் கட்டி தனி, பச்சைத் தண்ணீர் தனி. இனிமேல் அதில் காபி போட முடியாது. ஆனால் இதே திரிதல் இலக்கணத்தில் குற்றமே இல்லை. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். பக்கத்தில் 'கு' வந்ததால் 'ன்' என்பது 'ற்' ஆகத் திரிகிறது. நிலத்தின் இயல்பால் நீர் திரியும் என்று குறளும் சொல்கிறது. செம்மண்ணில் விழுந்த மழை சிவக்கிறது, அவ்வளவுதான். கெட்டுப்போவதையும் சூழலுக்கேற்ப மாறுவதையும் ஒரே சொல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா தேடியதும் அதைத்தானே?

நிலையோடு சேர்த்துச் சொல்லவும் வழக்கு இருக்கிறது. 'நிலையின் திரியாது' என்று அடக்கமுடைமையில் ஒரு குறளை வள்ளுவர் தொடங்குகிறார். ஆகவே ஃபிளிப்-ஃபிளாப்புக்கு நிலைதிரிவு என்று எழுதலாம் என்பது என் கருத்து. 'வேட்பாளர் நிலை திரிந்தார்' என்று வினையாகவும் வரும். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி மாறுகிறவருக்கு நிலைப்பாட்டு மாற்றம் போதும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது எளிதில்லை. அக்காவின் ஊரிலேயே 1932 அக்டோபரில் அதிபர் வேட்பாளராக ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பேசினார். அரசுச் செலவில் 25 சதவீதம் குறைப்பேன் என்றார். பதவிக்கு வந்த பிறகு நடந்தது வேறு. மந்தநிலையிலிருந்து மக்களை மீட்க அரசு பணத்தை இறைத்தது. 1936இல் மறுபடி அங்கே பேச வேண்டியிருந்தபோது, பழைய பேச்சுக்கு என்ன சொல்வது என்று உரை எழுதித் தரும் சாமுவேல் ரோசன்மனிடம் கேட்டாராம். பிட்ஸ்பர்க்குக்கு வந்ததே இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றாராம் அவர். அந்தத் தேர்தலில் 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தன. பசியில் இருந்தவர்கள் அந்த மாற்றத்தைத் திரிவாகப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அக்காவைக் குழப்பியது ஃபிராக்கிங். நீரையும் மணலையும் ரசாயனத்தையும் பேரழுத்தத்தில் செலுத்தி, பூமிக்கடியில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறை. அக்காவின் மாநிலமான பென்சில்வேனியாவில் பலருக்கு அது சோறு, பலருக்குக் குடிதண்ணீர்க் கவலை. அதைத் தடை செய்ய வேண்டும் என்று கமலா ஹாரிஸ் 2019இல் சொன்னார். 2024இல் தடை செய்ய மாட்டேன் என்றார். தடை இல்லாமலே தூய எரிசக்தியை வளர்க்க முடியும் என்று கண்டுகொண்டதாகவும், தன் விழுமியங்கள் மாறவில்லை என்றும் விளக்கினார். விளக்கம் அரைகுறை என்று எனக்குத் தோன்றியது. அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று 2019இல் சொன்னதையும் அவர் கைவிட்டிருந்தார். எதிரில் டிரம்ப்பும் அப்படித்தான். 2020இல் டிக்டாக்கைத் தடை செய்ய ஆணை போட்டவர் 2024இல் அதிலேயே கணக்குத் தொடங்கினார். 2021இல் பிட்காயினை மோசடி போலிருக்கிறது என்றவர், 2024 ஜூலையில் நாஷ்வில்லில் பிட்காயின் மாநாட்டு மேடையிலேயே நின்றார்.

அக்டோபரில் அக்கா வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். கோயிலில் கொடுத்த காலண்டர் தாளின் பின்பக்கம், பேனாவால் எழுதியது. எல்லை: திரிந்தது. டிக்டாக்: திரிந்தது. பிட்காயின்: திரிந்தது. நான்காவதாக ஃபிராக்கிங் என்று எழுதி, 'திரிந்தது' என்று போட்டு அடித்து, 'மாறியது' என்று போட்டு அதையும் அடித்திருந்தாள்.