ஐப்பசியில் தொடங்கி தை வரை விடாத சளி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கிளினிக்கில் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: "டாக்டர், குழந்தைக்கு ஒரு மாசமா சளி விடவே இல்லை, ரெண்டு தடவை ஆன்டிபயாடிக் குடுத்தாச்சு." காய்ச்சல் இருந்ததா என்றால் இல்லை. சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழக்கம்போல. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக மூக்கொழுகல், ஸ்கூல் போவதற்குள் அடங்கிவிடும், ராத்திரி படுத்ததும் இருமல். பெரும்பாலும் இது அலர்ஜி. ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையே இல்லை.

வைரஸ் சளி ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும். அலர்ஜி வாரக்கணக்கில் இழுக்கும், கூடவே அரிப்பு இருக்கும். குழந்தை உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பதால் சிலருக்கு மூக்கின் மேல் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கும். கண்ணைக் கசக்குவது, கண்ணுக்குக் கீழே கருமை, வாயைத் திறந்தபடி தூங்குவது, இதையெல்லாம் பாருங்கள். அப்பா அம்மாவுக்கு வீசிங்கோ குழந்தைக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது கரப்பான் என்ற தோல் அரிப்போ இருந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சென்னையில் அலர்ஜிக்குப் பூக்களின் மகரந்தம் மட்டும் காரணமில்லை. சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் படரும் பூஞ்சையும், ஈரப்பதத்தில் மெத்தைக்குள் பெருகும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும்தான் பல வீடுகளில் பெரிய தொல்லை. அப்புறம் மார்கழிக் குளிர், அதன்மேல் போகிப் புகை. எந்த மாதம் தொடங்கியது, எந்த அறையில் அதிகமாகிறது என்று ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள், பல பரிசோதனைகளைவிட அது எனக்கு உதவும்.

தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல சூடான தண்ணீரில் துவையுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் குழந்தை இல்லாத நேரத்தில் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். ஏசி ஃபில்டரைக் கழுவுங்கள். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், வலை போதும். தலைக்குக் குளிப்பாட்டி சாம்பிராணி போடுவது பாட்டியின் பாசம் என்று எனக்கும் தெரியும், ஆனால் புகை எதுவானாலும் இந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழாயை உறுத்தும், தயவுசெய்து விட்டுவிடுங்கள். தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் கடையில் கேட்டு வாங்கும் பழக்கம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி சிரப்பை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. மான்டெலூகாஸ்ட் என்ற அலர்ஜி மருந்து கலந்த சிரப்பை மாதக்கணக்கில் தாங்களாகவே தொடர்கிறவர்கள் உண்டு. சில குழந்தைகளுக்கு அதனால் கெட்ட கனவு, எரிச்சல், நடத்தை மாற்றம் வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கடுமையாக எச்சரித்தது. அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்றதும் பயப்படுகிறார்கள். 2 வயதுக்கு மேல் டாக்டர் சொன்ன அளவில் தரக்கூடிய நல்ல மருந்து அது, ஆனால் தினமும் அடிக்க வேண்டும், முழுப்பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். தலையைச் சற்றுக் குனியவைத்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் அந்தப் பக்கக் காதை நோக்கி அடியுங்கள்.

இன்னொன்று, பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய். காசநோய் நிஜமாகவே இருக்கும் ஊர் இது, சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும். ஆனால் காய்ச்சலும் இல்லை, எடையும் குறையவில்லை, மழையோடு வந்து கோடையில் மறைகிற இருமல் என்றால், ஆறு மாத மருந்தைத் தொடங்கும் முன் "அலர்ஜியாக இருக்குமா?" என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மூச்சு விடும்போது விலா உள்வாங்கினாலோ, மூச்சிரைப்பில் பேசவோ குடிக்கவோ முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.