தே பெங் ஏன் வழியறதில்ல?

சிங்கப்பூர் தேக்கா சென்டர்ல ஒரு தே பெங் (ஐஸ் போட்ட பால் டீ) வாங்கி, விளிம்பு வரைக்கும் நிறைஞ்சிருக்கறப்ப குடிக்காம அப்படியே வச்சுப் பாருங்க (கஷ்டம்தான்). ஐஸ் எல்லாம் கரைஞ்சாலும் ஒரு சொட்டு வழியாது. மேசை ஈரமா இருக்கேன்னா, அது நம்ம ஊரு புழுக்கம், காத்துல இருக்கற ஈரம் ஜில்லுனு இருக்கற கிளாஸ் மேல படிஞ்சு இறங்குது. மிதக்கற ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணியை முன்னாடியே தள்ளி வச்சுட்டுத்தான் மிதக்குது, கரைஞ்சதும் அந்த இடத்துலயே அடங்கிடும். ஆர்க்டிக் கடல்ல மிதக்கற பனியும் இப்படித்தான், உப்புத் தண்ணிங்கறதால துளி ஏறும், அத விடுங்க.

பிரச்சனை தரை மேல உக்காந்திருக்கற ஐஸ். கிரீன்லாந்துல இருக்கறது மொத்தமும் கரைஞ்சா உலகக் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும், அண்டார்டிகான்னா 58.

அது எப்படிக் கடலுக்கு வருதுன்னு புரிஞ்சுக்க ஐஸ் கச்சாங் (துருவின ஐஸ் குவியல் மேல சிரப் ஊத்தினது) வாங்கணும். மேல ஊத்துற சிவப்பு சிரப் அங்கங்க ஓட்டை போட்டு இறங்கி அடியில தேங்கும், கொஞ்ச நேரத்துல குவியலே ஒரு பக்கமா சரியும். கிரீன்லாந்துலயும் கோடையில மேல உருகின தண்ணி நீல நீலமா ஏரி கட்டி நிக்கும், கீழ விரிசல் விட்டா, தண்ணி ஐஸை விட கனமாச்சே, பிளந்துகிட்டே அடி வரைக்கும் போயிடும். 2006 ஜூலைல சுமார் 4.4 கோடி கன மீட்டர் தண்ணி இருந்த ஒரு ஏரி, கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் தடிமன் ஐஸைப் பிளந்துகிட்டு 2 மணி நேரத்துக்குள்ள காலி! அந்த இடத்துல ஐஸே 1 மீட்டருக்கு மேல எழும்பிடுச்சு. பாறைக்கும் ஐஸுக்கும் நடுவுல தண்ணி போனா வழுக்கத்தானே செய்யும், மேல இருக்கறது கடலைப் பாத்து நகரும்.

எனக்கு ரொம்ப நாள் நம்பவே முடியாத விஷயம் வேற. அவ்ளோ பெரிய ஐஸ் தன் ஈர்ப்பால கடலையே தன் பக்கம் இழுத்து வச்சிருக்கு. ஐஸ் குறையக் குறைய அந்தப் பிடி தளருது, கிரீன்லாந்து கரையோரம் கடல் இறங்குது, அந்தத் தண்ணி தூரத்துல, நம்ம பக்கம், சராசரிக்கும் மேல சேருது. பனியே பெய்யாத ஊருக்குக் கூடுதல் பங்கு!

சிங்கப்பூர்ல சுமார் 30 சதவீத நிலம் கடல் மட்டத்துலேர்ந்து 5 மீட்டருக்குள்ளதான் இருக்கு. உலகத்தைச் சூடாக்கற கார்பன் புகை கூடிக்கிட்டே போனா 2100க்குள்ள இங்க 1.15 மீட்டர் வரைக்கும் ஏறலாம்னு 2024ல வந்த அரசாங்கக் கணிப்பு சொல்லுது. நம்ம கிழக்குக் கரை ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிர்ல 'லாங் ஐலண்ட்'னு 800 ஹெக்டர் கடலை நிரப்பப் போறாங்களே, அதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.