கே99 போட நினைக்கும் போஸ்ட்டாக்குகளே, தேதியைக் கணக்குப் போடுங்கள்

"பேப்பர் வந்துவிடட்டும், அப்புறம் கே99 போடுகிறேன்." கே99 என்ற ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிப்பதை இப்படித் தள்ளிப்போட்டே தகுதியை இழக்கும் போஸ்ட்டாக்குகள் (பிஎச்டி முடித்து இன்னொருவர் லேபில் ஆய்வு செய்பவர்கள்) வருடா வருடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். பார்க்கவே மனது கேட்கவில்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் தரும் கே99/ஆர்00 நிதியில் வழிகாட்டியின் கீழ் அதிகபட்சம் 2 ஆண்டு (கே99), உதவிப் பேராசிரியரான பின் சொந்த லேபில் 3 ஆண்டு (ஆர்00). போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் திருத்தி மறுபடி அனுப்பும் விண்ணப்பமும் அந்த 4 ஆண்டுக்குள் வர வேண்டும் என்பதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

2023 ஜூலை 1 அன்று சேர்ந்தீர்கள் என்று வையுங்கள். 2027 ஜூன் 30 உடன் கெடு முடிகிறது. 2026 அக்டோபர் 12 அன்று முதல் முறை அனுப்பினால், மதிப்பீட்டுக் குழு கூடவே 2027 பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். குறைகளைப் படித்துத் திருத்தி மார்ச் 12க்குள் அனுப்ப நேரம் இருக்காது. மறுவிண்ணப்பத்துக்கு அடுத்த தேதி ஜூலை 12; அதற்குள் தகுதி போயிருக்கும். அதனால் முதல் விண்ணப்பத்துக்கு, அக்டோபருக்கு முந்தைய சுற்றான 2026 ஜூன் 12தான் பத்திரமான கடைசித் தேதி. முன்பு வேறு லேபிலோ வேறு நாட்டிலோ செய்த போஸ்ட்டாக்கும் கணக்கில் சேரும். லேப் மாறினால் மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பாது! இடையில் குழந்தை பிறந்திருந்தால் ஓராண்டு நீட்டிப்பு கேட்கலாம், தயங்காமல் கேளுங்கள்.

"எனக்கு கிரீன் கார்டு இல்லையே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். எஃப்32, கே01 போன்ற மற்ற என்ஐஎச் நிதிகளுக்குத்தான் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். கே99க்கு ஆய்வு நடக்கும் காலம் வரை தங்க விசா இருந்தால் போதும்.

பரிந்துரைக் கடிதங்கள் குறைந்தது 3, அதிகபட்சம் 5. வழிகாட்டியின் கடிதம் இதில் சேராது. எழுதுபவரே என்ஐஎச்சின் இணையதளமான இஆர்ஏ காமன்ஸில் ஏற்ற வேண்டும், கடைசித் தேதிக்குள். மறுவிண்ணப்பத்துக்குப் பழைய கடிதம் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். பேராசிரியர்களை ஒரு மாதம் முன்பே பிடியுங்கள், தயவுசெய்து.

உங்கள் விவரமும் ஆய்வுத் திட்டமும் சேர்த்து 12 பக்கம். அதில் வழிகாட்டியின் ஆராய்ச்சியையே நீட்டி எழுதினால் மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். லேபை விட்டுப் போகும்போது எதை எடுத்துப் போகலாம் என்று வழிகாட்டியிடம் இப்போதே பேசி, அவர் கடிதத்திலும் எழுத வையுங்கள்.

ஆர்00 ஆண்டுக்கு 2,49,000 டாலர் என்றதும் மொத்தமும் கைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் மறைமுகச் செலவும் (கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்கு அது எடுத்துக்கொள்வது) அதற்குள் அடங்கும். அது ஆய்வுச் செலவில் 60 சதவீதம் என்றால், ஆய்வுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1,55,000. வேலைக்குப் பேசும்போது "உங்களிடம்தான் ஆர்00 இருக்கிறதே" என்று, புதிய லேப் அமைக்கப் பல்கலைக்கழகம் தரும் தொடக்க நிதியைக் குறைக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொடக்க நிதிக்கு ஈடாக ஆர்00ஐக் காட்டக் கூடாது என்பது என்ஐஎச் விதி.