ஆயில் ஃபுல்லா இருக்குதுங்களே, அப்புறம் ஏன் லைட் எரியுது?

இந்த மாதத்தில் இப்படி உடைந்து என் பட்டறைக்கு வந்த மூன்றாவது இன்ஜின் இது. மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய டீசல் டாக்ஸி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பிஸ்டனை கிராங்க்கோடு (இன்ஜினின் சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராட், இன்ஜினின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாகவே சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சிவப்பு ஆயில் லைட் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. "ஆயில் அளவு பாக்கற டிப் ஸ்டிக்ல ஃபுல்லா இருந்துச்சுங்க. சென்சார்தான் போச்சுன்னு ஒயரைக் கழட்டி உட்டுட்டனுங்க" என்றார் டிரைவர். அப்போதே வந்திருந்தால், கிராங்க் சுற்றும் இடத்தில் இருக்கும் பேரிங் செட்டை மாற்றுவதோடு முடிந்திருக்கும் வேலை. இப்போது பிளாக்கும் கிராங்க்கும் பழைய இரும்புக் கடைக்கு.

எத்தனை தடவை சொல்வது? அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காது. ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று பார்க்கும். கிணறு நிறையத் தண்ணீர், மோட்டாரும் ஓடுகிறது. ஆனால் வழியில் குழாய் பத்து இடத்தில் ஓட்டை. கடைசித் தென்னைக்குத் தண்ணீர் ஏறுமா? கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு "தண்ணி இருக்குதே" என்பது போலத்தான் டிப் ஸ்டிக்கை மட்டும் பார்ப்பதும்.

இன்ஜினில் அந்த ஓட்டை, தேய்ந்த பேரிங்கின் இடைவெளி. பெரும்பாலான கார்களில் கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும், தலைமுடியை விடக் குறைவு. அது இரட்டிப்பானாலே ஆயில் ஓரமாக வழிந்துவிடும். சூடேறி ஆயில் இளகி, வண்டி நின்றபடி ஓடும் ஐடிலில் ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் விழும். சிக்னலில் மட்டும் லைட் எரிவது இதனால்தான். அந்த ஸ்விட்ச்சும் பெரும்பாலும் அழுத்தம் அரை பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். அதாவது, லைட் எரியும்போதே நாம் லேட்.

சரி, ஸ்விட்ச்சே கெட்டுப்போகாதா? போகும். அதைக் கழற்றிய இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடான பிறகு அழுத்தத்தைப் பாருங்கள். சின்ன வேலை. அதைச் செய்யாமல் "சென்சார் போச்சு" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

கெட்டி ஆயில் ஊற்றினால் தேய்ந்த பேரிங்கின் டக்டக் சத்தம் அடங்குகிறதே என்பார்கள். அடங்கும், தேய்ந்தது வளராது. அந்தச் சத்தம் அடங்கியிருக்கும்போது வாங்கி ஏமாந்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். பழைய வண்டி வாங்கப் போனால் இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டுக் கேளுங்கள். பிஸ்டன் சத்தம் சூட்டில் குறையும், பேரிங் சத்தம் கூடும்.

இனி பேரிங் மாற்றும் கதை. கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளக்காமல் புது பேரிங்கை மட்டும் போட்டு மூடுவது வீண் செலவு. கோடு விழுந்திருந்தாலோ முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தாலோ கிரைண்டிங்குக்குக் கொடுத்து, கிராங்க் சிறுத்த அளவுக்கேற்ற 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் சைஸ் பேரிங் போட வேண்டும். பழைய பேரிங்குக்கு அடியில் தகடு வைத்து இறுக்குகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன், என்னத்தைச் சொல்ல! கிரைண்டிங் முடிந்ததும் கிராங்க்கின் ஆயில் துளைகளைக் கழுவுங்கள், உள்ளே தூள் நிற்கும். பேரிங்கை மூடி இறுக்கும் கேப்களை இடம் மாற்றிப் போடாதீர்கள். ஆயில் பம்ப்பையும் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னரையும் (சல்லடை) பாருங்கள். கசிவை அடைக்கும் கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசியதில் ஸ்ட்ரெய்னர் அடைத்து பேரிங் போன வண்டிகள் உண்டு.

ஓட்டுகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சிவப்பு லைட் எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு போன் செய்யுங்கள். "பக்கத்துலதானுங்க இருக்கறன், ஓட்டிட்டே வந்தர்றனுங்க" மட்டும் வேண்டாம்.