ஆப்கானிஸ்தானுக்கு எதற்கு ஆளுமை வளர்ச்சி?

மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றுக்குத் தமிழ்க் குறிப்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன். போன வாரம் வந்த தாளில் ஒரு தலைப்பு: "மோதலால் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஆளுமைச் சீர்திருத்தத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுக்கும் பன்னாட்டு ஆதரவு". ஓரத்தில் ஒரு மாணவி பென்சிலால் கேட்டிருந்தார்: "சார், ஆப்கானிஸ்தானுக்கு எதுக்கு பர்சனாலிட்டி டெவலப்மெண்ட்? அங்கே மெடிக்கல் ஷாப் எல்லாம் சரியில்லையா?"

கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். தமிழ் தெரிந்தவருக்கு அந்தத் தலைப்பு அப்படித்தான் புரியும்.

தலைப்பில் ஆளுமை என்று வந்திருப்பது ஆங்கிலத்தின் கவர்னன்ஸ். நான் அதை ஆளுகை என்பேன். கவர்னன்ஸ் என்ற சொல்லின் வேர் கப்பலில் இருக்கிறது. கிரேக்கத்தில் குபெர்னான் என்றால் கலத்தைச் செலுத்துவது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. புதுச்சேரியில் எங்கள் தெருக்கோடி சொல்தா தாத்தாவிடம் கேட்டால், "குவெர்னாய்னா சுக்கான்பா" என்பார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பென்ஷன் இன்னும் அங்கிருந்து வருகிறது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் சுக்கான் பிடிப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. வேர்க்கதை போதும்.

உதவி கொடுக்கும் நாடுகள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது பிற்பாடுதான். 1989இல் உலக வங்கி சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா பற்றிய அறிக்கையில் இதைப் பயன்படுத்தியது. பிறகு எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. 2006இல் லண்டனில் ஆப்கானிஸ்தானுக்காகச் செய்துகொண்ட உடன்பாட்டில் மூன்று தூண்கள். இரண்டாவது, ஆளுகையும் சட்டத்தின் ஆட்சியும் மனித உரிமையும். போதைப்பொருள் ஒழிப்பை மூன்றுக்கும் பொதுவான வேலையாக வைத்தார்கள். காரணம் எளிது. அபின் எடுக்கிற கசகசாச் செடியை அழிக்க வருகிற அதிகாரியே பங்கு வாங்கிக்கொண்டு பக்கத்து வயலுக்குப் போய்விட்டால் எந்தத் தடையும் நிற்காது. போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பது, சம்பளம் கைக்குப் போய்ச் சேர்வது, வழக்கு நடப்பது, வரி கணக்கில் ஏறுவது, எல்லாம் சேர்ந்ததுதான் ஆளுகை.

சரி, இதை ஏன் ஆளுமை என்கிறார்கள்? அரசுப் பலகைகளிலேயே "மின் ஆளுமை" என்று போட்டாகிவிட்டது. அதற்கு வாதாடுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். "மேலாண்மை, வேளாண்மை எல்லாம் ஆள் என்ற வேரில் 'மை' சேர்ந்து வந்தவைதானே, ஆளுமைக்கு மட்டும் என்ன குறை?" என்பார். இலக்கணத்தில் குறை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 'மை' பெரும்பாலும் தன்மையைக் காட்டும், 'கை' செயலைக் காட்டும். வருகை, செய்கை போல ஆளுகை என்று நான் சொல்லலாம். ஆனால் 'மை' விகுதியில் செயலும் வரும் என்று அவர் வேளாண்மையை எடுத்து நீட்டுவார். அதனால் அந்த வழக்கில் நான் ஜெயிக்கப் போவதில்லை.

என் வழக்கு வேறு. கடலூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டிருந்தால் அது இன்னொருவர் இடம். ஆளுமை என்ற சீட்டில் உளவியல்காரர்கள் எப்போதோ துண்டு போட்டுவிட்டார்கள். புதுச்சேரி பஸ் நிலையச் சுவர்களில் "ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி" ஒட்டியிருக்கிறது. யாராவது காலமானால் "பெரும் ஆளுமை" என்று இரங்கல் எழுதுகிறோம். இவ்வளவும் தெரிந்த மாணவி வேறு எப்படிப் படிப்பார்? ஆளுகை என்ற சீட்டோ காலியாக இருக்கிறது. பழைய சொல், தேவாலயத்தில் வாராவாரம் காதில் விழுவது, பொருளும் பொருந்துகிறது.

ஆட்சி என்றே விடலாமே என்பவர்களும் உண்டு. 2022 ஏப்ரலில் தாலிபான் கசகசாவைத் தடை செய்து ஓர் ஆணை போட்டது. அபின் சாகுபடி 2,33,000 ஹெக்டேரிலிருந்து அடுத்த ஆண்டே 10,800க்குச் சரிந்தது. அது ஆட்சியின் வேலை. கசகசாவை விட்ட விவசாயிக்குக் கடன், தண்ணீர், மாற்றுப் பயிருக்குச் சந்தை என்று பார்ப்பது ஆளுகை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அந்தப் பாடத்தையே நடத்த முடியாது.

அடுத்து மருந்து. ஆங்கிலத்தில் டிரக் என்றால் மருந்தும் ஆகும், போதைப்பொருளும் ஆகும்; தலைப்பில் இருக்க வேண்டியது இரண்டாவது. நம் ஊரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்றால் மருந்துக் கடையைச் சோதிக்க வருபவர்கள். 1961இல் ஐ.நா. கொண்டுவந்த போதைப்பொருள் உடன்படிக்கை கோடு போட்டதே இந்த இடத்தில்தான்: மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் என்றால் சரி, மற்றதற்குக் கூடாது. அதே செடியின் பாலிலிருந்து வரும் மார்பின் புற்றுநோயாளிக்கு மருந்து, ஹெராயின் போதைப்பொருள். இரண்டையும் மருந்து என்று எழுதுகிறவர் அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிடுகிறவர். இப்போதெல்லாம் பலரும் அப்படித்தான். சப்போர்ட் என்பதற்கு 'ஆதரவு' வந்ததும் அதே வழியில்தான். தேர்தலில் கொடுப்பது ஆதரவு. காபூலுக்குப் போனது பணமும் பயிற்சியாளர்களும், அதாவது உதவி.

தலைப்பை அடித்து, "போரால் நொந்த நாடுகளில் ஆளுகைச் சீர்திருத்தத்துக்கும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்கும் பன்னாட்டு உதவி" என்று எழுதி அனுப்பினேன். மையத்திலிருந்து போன் வந்தது. போதைப்பொருள் சரியாம், உதவியும் சரியாம். "ஆளுமையை மட்டும் அப்படியே விட்டுடுங்க சார், கேள்வித்தாள்ல அப்படித்தான் வரும்."